ஒரு மரமும் மூன்று பெயர்களும்

அறியாமற் சொன்ன சொல் பொய்யாகுமா என்பது பழைய கேள்வி. "தெரிந்து சொன்னால்தானே பொய், தெரியாமல் சொன்னதற்கு என்ன பாவம்?" என்று நம் இல்லங்களில் எளிதாக விடை கூறிவிடுகிறோம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். 34 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன காலத்திலும் இக்கேள்வி நம்மை வருத்தியதில்லை. முதுமையில், நாம் குடியிருக்கும் சென்னைத் தெருவில் நின்ற ஒரு மரம் அதனை நம் வாயிலுக்கே கொண்டு வந்தது.

2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, எங்கள் தெருவில் நிழல் தந்து நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அவ்விடத்தில் ஒரு கன்றினை நட்டுக் கூண்டு வைத்துச் சென்றனர். அது இன்ன மரம் என்று நட்டவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. கன்று விரைந்து வளர்ந்தது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது மாலை வேளைகளில் அவரவர் வாயிற்படியில் நின்று பேசிக்கொள்வது வழக்கமாயிற்று. அப்போதுதான் எதிர்வீட்டு அம்மையார், "டீச்சரம்மா, இது என்ன மரம்?" என்று கேட்டார். நாம் அண்ணாந்து பார்த்தோம். கிளை நுனிகளில் இலைகள் குடை விரித்தாற்போல் வட்டமாகப் பரந்திருந்தன. "ஏழிலைப்பாலை" என்றோம். அருகில் நின்ற சிறுமி ஒருத்தி விரல்விட்டு எண்ணி, "அஞ்சுதானே பாட்டி இருக்கு?" என்றாள். "இளமரம் அல்லவா, வளர வளர ஏழாகும்" என்று விடையிறுத்தோம்.

முதலிற் சொன்னது அறியாமை எனலாம். இரண்டாவது சொன்னதை அவ்வாறு சொல்லித் தப்ப இயலாது. ஒரு குழந்தை சரியாக எண்ணிச் சொன்னதை, நம் சொல் நிலைபெற வேண்டும் என்பதற்காக மறுத்தோம். இளமரத்தில் ஐந்திலை, முதுமரத்தில் ஏழிலை என்று எந்த நூலிலும் நாம் படித்ததில்லை. பயிற்சிப் பள்ளியில் நாம் பயின்ற நாளில், பிள்ளைகள் முன்னிலையில் ஆசிரியர் 'தெரியாது' என்று சொல்லலாகாது, வகுப்பு கைவிட்டுப் போகும் என்று மூத்தோர் அறிவுறுத்துவர். அந்த அறிவுரையை ஓய்வு பெற்ற பின்னும் நாம் விடவில்லை போலும்.

அத்துடன் நில்லாமல், ஏழிலைப்பாலையின் பெருமைகளையும் எடுத்துரைத்தோம். முற்காலத்தில் அதன் பலகையில் எழுதப் பயின்றதனால்தான் தாவரவியலார் அதன் பெயரில் 'பள்ளிக்குரியது' என்னும் பொருள்படும் சொல்லைச் சேர்த்தனர். சாந்திநிகேதனத்தில் பட்டம் பெறுவோர்க்கு அதன் இலையை அளிப்பது மரபாக இருந்தது. நம் அருகப் பெருமானின் சமவசரணத்தில் அசோகம், சப்தபர்ணம், சண்பகம், மா என்னும் நால்வகை வனங்கள் உண்டென்பர், அவற்றுள் சப்தபர்ணம் என்பது இதுவே என்றெல்லாம் சொன்னோம். சொன்னவை யாவும் உண்மை. ஆனால் அவை ஏழிலைப்பாலையைப் பற்றிய உண்மைகள். எதிரே நின்ற மரத்தைப் பற்றி அவற்றுள் ஒரு சொல்லும் இல்லை. பல செய்திகள் தெரிந்திருப்பது ஒரு பொருளைப் பாராமல் இருப்பதற்கு எத்துணை உதவுகிறது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 2023 கார்த்திகையில் எதிர்வீட்டுப் பேரனுக்கு இருமலும் இளைப்பும் கண்டன. ஐந்து வயதுப் பிள்ளை. இரவெல்லாம் அவன் இருமும் ஓசை எங்கள் வீட்டுக் கூடம்வரை கேட்கும். ஏழிலைப்பாலையின் பூமணம் மூச்சிளைப்பு உண்டாக்கும் என்று யாரோ அவர்களிடம் சொன்னார்கள். பாலக்காட்டிலிருந்து வந்து குடியேறிய மற்றொருவர், தங்கள் ஊரில் அம்மரத்தில் யட்சி குடியிருப்பாள் என்பர் என்றார். (யட்சி என்றால் அவர்கள் அஞ்சுகிறார்கள், நாமோ நம் ஆலயங்களில் தீர்த்தங்கரர்தம் யட்சியர்க்கு விளக்கேற்றி வணங்குகிறோம். ஒரு சொல் ஊர்விட்டு ஊர் போனால் என்னென்ன ஆகிறது!) 2024 தைத் திங்களில் மரத்தை அகற்றக் கோரி மனு ஒன்று எழுதப்பட்டது. 18 வீட்டார் கையொப்பமிட்டனர். மனுவின் இரண்டாம் வரியில், 'இது ஏழிலைப்பாலை மரம் என்பதை இத்தெருவில் வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியை உறுதி செய்துள்ளார்' என்று எழுதியிருந்தது.

அம்மனுவை நம் கையில் கொடுத்துக் கையொப்பம் கேட்டபோது, நாம் சமவசரணத்தைச் சொல்லி மறுத்தோம். புனித மரம், வெட்டலாகாது என்றோம். எதிர்வீட்டு அம்மையார் சினம் கொள்ளவில்லை; அமைதியாகவே சொன்னார்: "உங்க கோயில் மரம்னா நீங்க கும்பிடுங்க டீச்சரம்மா. எம் புள்ளைக்கு மூச்சு விட முடியலியே." இதற்கு நம்மிடம் விடை இல்லை. ஓரறிவுயிரைக் காக்க ஐயறிவுயிர் துன்புறலாம் என்று நம் ஆகமம் எங்கும் சொல்லவில்லை. மரம் செடி கொடிகள் பரிசம் ஒன்றையே உணரும் ஏகேந்திரிய ஜீவன்கள். அவற்றுக்குச் செய்யும் துன்பம் முழுவதையும் விலக்குவது துறவியர்க்கே இயலும். இல்லறத்தார்க்குப் பயனின்றித் துன்புறுத்தாமையே விதி. நிலத்தை வீணே தோண்டுதல், நீரை வீணே சிந்துதல், மரத்தை வீணே முறித்தல் ஆகியவற்றை அனர்த்ததண்டம் என்று விலக்கியிருக்கிறார்கள். மூச்சுத் திணறும் குழந்தைக்காக ஒரு மரத்தை வெட்டுவது 'வீணே' ஆகுமா? அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மாசித் திங்களில் நம் பழைய மாணவி ஒருவரின் மகள் நம்மைக் காண வந்தாள். தாவரவியலில் முதுகலை பயில்பவள். மரத்தை ஒரு நோட்டம் பார்த்தவள், "இது ஏழிலைப்பாலைதானா பாட்டி? ஓர் இலையைக் கிள்ளினால் தெரிந்துவிடும். பாலை என்றால் பால் வடியும்" என்று கூறிக் கிளையை எட்டிப் பிடித்தாள். நம் கை தானே சென்று அவள் கையைத் தடுத்தது. பெயர் அறிவதற்காக ஒரு பச்சிலையைக் கிள்ளுவதா என்ற தயக்கம்.

அவள் சிரித்துவிட்டாள். "காலையில்தானே பாட்டி முருங்கைக்கீரை உருவினீர்கள்?"

அவள் கேட்டது நியாயமே. நாள்தோறும் கீரை ஆயும் கைக்கு ஓர் இலையைக் கிள்ளத் தயக்கம் என்ன? மேலும், அந்த ஓர் இலை ஒரு மரத்தையே காக்கக்கூடும். பயன் கருதிய செயலாதலின் அஃது அனர்த்ததண்டம் ஆகாது என்று இப்போது தெளிவாகவே சொல்லலாம். அந்தத் தயக்கத்தில் கருணை பாதி, பழக்கம் பாதி. இன்னும் ஆராய்ந்தால், பால் வடியாமற் போய்விட்டால் நம் சொல் பொய்த்துவிடுமே என்னும் அச்சமும் அதில் ஒளிந்திருந்தது. அகிம்சையின் பெயரால் நம் மானத்தைக் காத்துக்கொள்ள நாம் முயன்றிருக்கிறோம்.

நல்வாய்ப்பாக, கிள்ள வேண்டிய தேவையே நேரவில்லை. இலையுதிர் காலம், வாயிலில் கூட்டி ஒதுக்கிய சருகுக் குவியல் கிடந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து அவள் நம் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு சாண் நீளக் காம்பு. அதன் நுனியில் விரித்த கைவிரல்கள் போல் ஐந்து இலைகள். நடுவிலுள்ளது பெரிது, ஓரத்தவை சிறிது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிறுகாம்பு. ஐந்தும் சேர்ந்தே உதிர்ந்திருந்தன.

இதற்குமேல் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாமே எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் படம் வரைந்து நடத்திய பாடம் அது. தண்டினைச் சுற்றி ஒரே கணுவில் பல தனியிலைகள் அமைந்தால் அது வட்ட இலையடுக்கம். ஏழிலைப்பாலையில் காண்பது அதுவே. அங்கே ஒவ்வோர் இலையும் தனித்தனியே உதிரும். ஒரே காம்பின் நுனியில் சிற்றிலைகள் பல அமைந்தால் அது அங்கை வடிவக் கூட்டிலை. அங்கே ஐந்தும் சேர்ந்து ஓர் இலையே. இலைக்கோணத்தில் மொட்டு இருக்கிறதா என்று பார், மொட்டு இருக்குமிடத்தில்தான் இலை தொடங்குகிறது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம்! அந்த இலை ஆண்டுதோறும் நம் வாயிலில் உதிர்ந்து கிடந்தது. நாம்தான் அதனைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தோம்.

உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் மதிஞானம் உண்டாகும் முறையை நான்கு படிகளாகக் கூறுகிறது: அவக்கிரகம், ஈஹா, அவாயம், தாரணை. இதற்குப் பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் ஓர் எளிய எடுத்துக்காட்டுத் தருகிறார். தொலைவில் வெண்மையாக ஏதோ தெரிகிறது; அவ்வளவே அவக்கிரகம். அது கொக்கா, கொடியா என்று சிறப்பியல்பை அறிய விழைவது ஈஹா. மேலெழுந்தும் தாழ்ந்தும் சிறகடிப்பதைக் கண்டு கொக்கே என்று துணிவது அவாயம். துணிந்ததை மறவாமற் பிற்காலத்தும் கொள்வது தாரணை. அந்நாளில் பாடம் கேட்டபோது இது மிக எளிதாகத் தோன்றியது. நாம் செய்ததோ, இலைகள் வட்டமாக இருக்கக் கண்ட அளவில் நேரே துணிவுக்குத் தாவி, அதனைத் தாரணையில் இறுக்கிப் பூட்டி வைத்தது. ஈஹா என்னும் படியில் கால் வைக்கவே இல்லை. அப்படியை நமக்குக் காட்டியவள் விரல்விட்டு எண்ணிய அந்தச் சிறுமி. அவளையும் தடுத்துவிட்டோம்.

இனி, தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருவோம். இம்சைக்கு இலக்கணம் கூறும் சூத்திரம், உயிரைப் பிரிப்பது என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. பிரமாதத்தோடு கூடிய யோகத்தால் பிரிப்பது என்கிறது. பிரமாதம் என்றால் கவனமின்மை, சோர்வு. (தமிழில் அச்சொல்லுக்குப் 'பெருஞ்சிறப்பு' என்னும் பொருள் எவ்வாறு வந்து ஒட்டிக்கொண்டதோ! 'டீச்சரம்மா பிரமாதமாகச் சொன்னார்கள்' என்று அன்று தெருவில் பாராட்டினார்கள். ஆகமப் பொருளில் அது முற்றிலும் சரியே.) அடுத்து வரும் பொய்யின் இலக்கணத்திற்கும் உரையாசிரியர்கள் இதே அடையைக் கூட்டிப் பொருள் கொள்கிறார்கள். ஆகவே, அறிந்தேனா அறியேனா என்பதோடு விசாரணை முடிவதில்லை. அறிய வழியிருந்தும் பார்க்கச் சோம்பியது உண்டா என்பதையும் கேட்க வேண்டும். முயன்று பார்த்தும் பிழைபட்டவர் சொல் வேறு. பாராமலே உரைத்தவர் சொல் வேறு. நம் சொல் இரண்டாம் வகை. இருளில் நடப்பவன் காற்கீழ்ச் சிற்றுயிர் நசுங்கினால் 'தெரியவில்லை' என்பதை நாம் ஏற்றுக்கொள்வதில்லையே. விளக்கு ஏன் எடுக்கவில்லை என்றல்லவா கேட்கிறோம்.

மறுநாள் அந்தச் சருகை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குச் சென்றோம். 74 வயதில் ஒரு வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, "நாம் சொன்னது தவறு, இது ஏழிலைப்பாலை இல்லை, உங்களை அச்சுறுத்திவிட்டோம்" என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை. பேச்சின் நடுவே இன்னொன்றும் தெரியவந்தது. மரம் அதுநாள்வரை ஒருமுறைகூடப் பூத்ததில்லை! பூக்காத மரத்தின் பூமணத்தால் பிள்ளைக்கு இளைப்பு வந்ததென்று 18 வீட்டார் கையொப்பமிட்டிருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் மணமும் வந்துவிட்டது. அம்மையார் சற்றுநேரம் பேசாதிருந்து, பின்னர்த் தம் மகனை அழைத்து மனுவைத் திரும்பப் பெறச் சொன்னார்.

பங்குனியில் மரம் பூத்தது. இலைகள் பெரும்பாலும் உதிர்ந்து போக, கிளைதோறும் இளஞ்சிவப்புக் கொத்துகள். ஒவ்வொரு பூவும் ஊதுகுழலின் வாய்போல் விரிந்து, தொண்டைப் பகுதியில் மஞ்சள் நிறம் காட்டியது. தெருவே நின்று பார்த்தது. அப்போது முதியவர் ஒருவர், "இது பாதிரி" என்றார்.

நம் உள்ளம் துள்ளியது என்பதை மறைப்பானேன்? பாதிரி என்னும் சொல்லில் நமக்கு எத்தனை நினைவுகள்! கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் இடம்பெற்ற மலர் அது. திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த மரம் அது. அவ்வூரே பாடலிகை என்னும் நம் பழைய பள்ளி இருந்த இடம் என்று ஆய்வாளர் கருதுவர். சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சர்வநந்தி முனிவர் லோகவிபாகத்தை எழுதி முடித்தது அப்பாடலிகையில்தான். அந்த மரம் நம் வாயிலில் வந்து பூத்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி பொங்காது? நம் இதழுக்கு ஒரு கட்டுரைகூட மனத்தில் உருவாகிவிட்டது.

ஆனால் இம்முறை இலையைப் பார்த்தோம். பாதிரிக்கு இலை சிறகு வடிவக் கூட்டிலை; வேப்பிலை போல ஒரு நெடுங்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். நம் மரத்திலோ ஐவிரல் இலை. பாதிரிப் பூ மணத்துக்குப் பேர் பெற்றது. இப்பூவை முகர்ந்தால் மணம் இருந்தும் இல்லாததுபோல் இருந்தது. பூவின் வடிவ ஒற்றுமைக்குக் காரணம் உண்டு; இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அப்பெண் கடிதத்தில் எழுதினாள். பாதிரிக்கு இது தூரத்து உறவு, பாதிரி அன்று.

வெறுப்பு ஒரு பெயரைத் தந்தது. விருப்பம் மற்றொரு பெயரைத் தந்தது. துவேஷமும் இராகமும் வினைக்கட்டுக்கு வித்து என்று பாராயணம் செய்கிறோம். அவை கண்ணையே மறைக்கும் என்பதை ஒரு மரத்தடியில் நின்று கற்க வேண்டியிருந்தது. இவ்விரண்டில் இராகமே நமக்குக் கூடுதல் இடர் விளைவிப்பது என்று தோன்றுகிறது, வெறுப்பினாற் செய்யும் பிழையைப் பிறர் சுட்டுவர், பக்தியாற் செய்யும் பிழையைப் பாராட்டுவர் என்பதனால். நகரங்களில் நம்மவர் வீட்டு வாயில்களைப் பாருங்கள். உயர்ந்து ஊசிபோல் நிற்கும் நெட்டிலிங்கத்தை நட்டு, 'அசோகு. அருகன் எழுந்தருளிய பிண்டி' என்று விருந்தினர்க்குக் காட்டுகிறோம். பிண்டி என்று நம் தமிழ்நூல்கள் போற்றும் அசோகு செங்கதிர் நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூப்பது. நெட்டிலிங்கத்தின் பூ இலைநிறமாய் இலைக்குள் மறைவது. இதைச் சொல்லி இரண்டொரு உறவினரின் முகம் வாடக் கண்டிருக்கிறோம்.

மரத்தின் உண்மைப் பெயர் டபேபுயா ரோசியா. பேரினத்தின் பெயர் பிரேசில் நாட்டுத் தொல்குடியினர் மொழியிலிருந்து வந்தது. பின்னொட்டு நிறம் பற்றியது. மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வடபகுதி வரை அதன் தாயகம். எல் சால்வடோர் நாட்டுக்கு அதுவே தேசிய மரம். அழகுக்காக வெப்ப நாடுகளின் நகரங்கள் பலவற்றுக்கு அதனைக் கொண்டு சென்று நட்டனர், பெங்களூரில் மிகுதி. தமிழில் அதற்கெனப் பழைய பெயர் ஏதும் இல்லை. நம் நூல்களில் அதற்கு ஓர் இடமும் இல்லை. எந்தத் தீர்த்தங்கரரும் அதன் நிழலில் அமர்ந்ததில்லை. எந்த யட்சியும் அதில் குடியிருந்ததில்லை. தெருவில் சிலருக்கு இது சற்று ஏமாற்றமாகவே இருந்தது. "அப்ப சும்மா ஒரு மரம்தானா?" என்றார் பாதிரி என்று சொன்ன பெரியவர்.

சும்மா ஒரு மரந்தான், ஐயா. வேரால் நீரைத் தேடி, தொட்டால் உணர்ந்து நிற்கும் ஓர் உயிர். வந்த ஊரும் வாய்த்த பெயரும் அதன் உயிரைக் கூட்டவோ குறைக்கவோ செய்யா.

இங்கே ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அது மெய்யாகவே ஏழிலைப்பாலையாக இருந்து, பூத்துமிருந்து, அதன் மணம் அப்பிள்ளைக்குத் தீங்கு செய்வதாக மருத்துவரும் கூறியிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? சப்தபர்ணம் என்று சொல்லி மறுத்திருக்கக் கூடாது என்பதே இப்போது நம் எண்ணம். முதலில் பூக்கும் பருவத்தில் பிள்ளையை வேறிடத்தில் உறங்கச் செய்து பார்க்கலாம், கிளைகளைக் குறைக்கலாம், ஒன்றும் பயன்படாவிடில் பிள்ளையின் பக்கமே நிற்பதுதான் இல்லறத்தார்க்குத் தகும். அப்போதும் மனுவில் கையொப்பமிட நம் கை நடுங்கும். நடுங்கவும் வேண்டும்.

முன்பு நம்மால் தடுக்கப்பட்ட சிறுமி இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளை அழைத்து, "அன்று நீ எண்ணியதே சரி" என்று சொன்னோம். அவளுக்கு அந்த நிகழ்ச்சியே நினைவில் இல்லை. ஆயினும் மரத்தடிக்குச் சென்று மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். சில இலைகளில் நான்கு சிற்றிலைகளே இருப்பதையும் கண்டு வந்து நம்மிடம் கூறினாள். நாம் அதுவரை அதைக் கவனித்ததில்லை.

எதிர்வீட்டுப் பேரனுக்குச் சென்ற மார்கழியிலும் இருமல் வந்தது. மரம் அப்போது பூவின்றி, இலைகளோடு நின்றது. அம்மையார் நம்மிடம் வந்து, "அப்ப இது எதனால டீச்சரம்மா?" என்று கேட்டார். நமக்குத் தெரியாது என்று சொல்லி, மருத்துவமனைக்கு அவர்களுடன் நாமும் ஆட்டோவில் சென்றோம்.